விலைபோகாத வாரங்கள்

அமெரிக்க ஐக்கிய நாட்டின் ஃபுளோரிடா மாநிலத்தில், டிஸ்னி உல்லாசபுரியை அண்டி வளர்ந்த ஓர்லாண்டோ நகரத்திலும் அதன் சுற்றுப்புறத்திலும், வேறெந்த நில வியாபாரத்திலும் எளிதில் காணக்கிடைக்காத ஒரு விசித்திரம் அன்றாடம் நடந்துவருகிறது. விடுதியொன்றின் விற்பனைக் கூடத்தில் காலையில் 20,000 டாலருக்கு மேல் விலை சொல்லி, வாங்குகிறவரைத் தம்பதி சமேதராய் உட்காரவைத்து, கையெழுத்து வாங்கி விற்கப்படும் ஒரு சொத்து, அதே விடுதியில், அதே அளவுள்ள வீட்டில், அதே பருவத்துக்கு உரியதாகவே, ஈபே என்னும் இணைய ஏலச் சந்தையில் 1 டாலருக்கு விலை குறிக்கப்பட்டு, அந்த 1 டாலரைக் கொடுப்பதற்கும் ஆளின்றிக் கிடக்கிறது. பழைய வீடு விலை இறங்குவது உண்டு. தரிசு நிலம் விலைபோகாமல் நிற்பதும் உண்டு. ஆயினும் சட்டப்படி பதிவான கிரயப் பத்திரமும், வில்லங்கமற்ற பாத்தியதையும், நீச்சல் குளமும் தோட்டமும் சூழ்ந்த நல்ல கட்டடமும் இருந்தும், இனாமாகக் கொடுத்தால்கூட வாங்க மறுக்கும் நிலை ஒரு சொத்துக்கு எவ்வாறு நேர்ந்தது என்பது ஆராயத்தக்க விஷயமே.

விடுமுறை வீடொன்றை ஆண்டில் ஒரு வாரம் அனுபவிக்கும் பாத்தியதையே அச்சொத்து. டைம்ஷேர் எனப்படும் இந்த ஏற்பாட்டின் பிறப்பிடம் ஐரோப்பா. 1963இல் சுவிட்சர்லாந்தில் ஹாபிமாக் என்னும் நிறுவனம் தோன்றி, பங்குதாரர்கள் பணம் போட்டுப் பல ஊர்களில் விடுமுறை வீடுகளை வாங்கி, ஒவ்வொருவரும் தத்தம் பங்குக்கு ஏற்ற நாட்களை அனுபவிக்கும் முறையைக் கொண்டுவந்தது. பிரான்ஸின் ஆல்ப்ஸ் மலைச் சரிவுகளிலும் அதே பத்தாண்டில், அறையை வாடகைக்கு எடுப்பதைவிட விடுதியையே வாங்கிவிடுவது மலிவு என்ற பிரசாரம் எழுந்தது. அமெரிக்காவில் இது வேரூன்றியதற்குக் காரணம் வேறு. 1973ஆம் ஆண்டின் எண்ணெய் நெருக்கடியையும் அதனைத் தொடர்ந்த மந்தத்தையும் ஒட்டி, கடற்கரை ஊர்களில் கட்டி முடிக்கப்பட்ட அடுக்குமாடி வீடுகள் வாங்குவாரின்றித் தேங்கியபோது, முழு வீட்டுக்கு ஆள் கிடைக்காவிட்டால் வாரம் வாரமாகக் கூறுபோட்டு விற்கலாமே என்ற யோசனை கட்டடக்காரர்களுக்கு உதித்தது. ஆக, விலைபோகாத சரக்கை விற்பதற்காக அந்நாட்டில் கையாளப்பட்ட உபாயம் இது என்பதை முதலிலேயே நினைவில் இருத்திக்கொள்வது நல்லது.

1974இல் இண்டியானாபொலிஸ் நகரத்தில் ஜான் டெஹான், கிறிஸ்டல் டெஹான் தம்பதியர் ஆர்.சி.ஐ. என்னும் பரிமாற்ற நிறுவனத்தைத் தொடங்கினர். ஃபுளோரிடாவில் ஒரு வாரம் வைத்திருப்பவர் அதனைக் கொடுத்துவிட்டு ஹவாயிலோ ஸ்பெயினிலோ ஒரு வாரம் பெறலாம் என்ற வசதி ஏற்பட்டதும், வருஷந்தோறும் ஒரே ஊருக்கா போவது என்ற ஆட்சேபம் அடங்கிற்று. 1984இல் மாரியட், 1991இல் டிஸ்னி, 1992இல் ஹில்டன் என்று பெரிய பெயர்கள் உள்ளே வந்தபின், ஆரம்ப காலத்தில் இவ்வியாபாரத்துக்கு இருந்த அபகீர்த்தி பெருமளவு மறைந்தது. பெயர் மாறியதேயன்றிச் சரக்கின் சுபாவம் மாறியதா என்பதை விற்க முயன்றவர்களைத்தான் கேட்க வேண்டும்.

வாங்குகிறவர் கைக்கு வருவது என்ன? பழைய முறைப்படி, ஒரு குறிப்பிட்ட வீட்டில் ஐம்பத்திரண்டில் ஒன்று என்ற பிரிபடாத பங்கு, மாவட்டப் பதிவகத்தில் முறையாகப் பதிவான பத்திரத்தின் மூலம், அவருக்கும் அவர் வாரிசுகளுக்கும் கால வரம்பின்றிச் சேர்கிறது. மற்றொரு முறையில், நிலத்தின்மேல் பாத்தியதை ஏதுமின்றி, இத்தனை ஆண்டு தங்கும் உரிமை மட்டும் குத்தகை போல் கிடைக்கிறது. இப்போது பெரிதும் விற்கப்படுவது மூன்றாவது வகை. வாரத்துக்குப் பதிலாகப் புள்ளிகள் என்னும் ஒரு கணக்கு நாணயம் ஆண்டுதோறும் உறுப்பினர் பெயரில் வரவு வைக்கப்படுகிறது, கிறிஸ்துமஸ் வாரத்துக்கு அதிகப் புள்ளி, செப்டம்பர் மழைக்காலத்துக்குக் குறைந்த புள்ளி. எந்த வகையாயினும் பராமரிப்புக் கட்டணம் என்பது உண்டு. கூரை மாற்றுவதும், மெத்தை மாற்றுவதும், புயல் காப்பீடும், சொத்து வரியும், நிர்வாகியின் சம்பளமும் அதில் அடக்கம். தங்கினாலும் தங்காவிட்டாலும் அதனைக் கட்டியே தீர வேண்டும். ஆண்டுக்கு 1,000 டாலருக்கு மேல் என்பது அமெரிக்காவில் இன்று சராசரி. அது ஏறுமேயன்றி இறங்குவதில்லை.

இனி விலையைப் பார்ப்போம். விற்பனைக் கூடத்தில் ஒரு வாரத்தின் சராசரி விலை ஏறத்தாழ 24,000 டாலர். பராமரிப்புக்கென ஒரு வாரம் ஒதுக்கி மீதி 51 வாரங்களையும் இவ்விலைக்கு விற்றால், ஒரே வீட்டுக்கு 12,24,000 டாலர் வசூலாகிறது. அதே வட்டாரத்தில் அத்தகைய முழு வீடு அத்தொகையில் ஒரு சிறு பகுதிக்குக் கிடைக்கும். எஞ்சிய பணம் முழுவதையும் நிறுவனத்தார் இலாபமாக எடுத்துக்கொள்கிறார்கள் என்று எண்ணினால் அது பிழை. பெரும்பகுதி விற்பதற்கே செலவாகிறது. பங்குச் சந்தையில் இடம்பெற்ற நிறுவனங்களின் ஆண்டறிக்கைகளைப் புரட்டினால், விற்பனை வருமானத்தில் பாதியை ஒட்டிய தொகை விளம்பரத்துக்கும் விற்பனைக்கும் போவதைக் காணலாம்.

அந்தப் பாதி எவ்வாறு செலவாகிறதென்பதைச் சற்று அருகில் நின்று பார்க்க வேண்டும். விடுதிக் கூடத்திலோ பூங்கா வாசலிலோ நிற்கும் ஒருவர், டிஸ்னி நுழைவுச் சீட்டு குறைந்த விலைக்குத் தருகிறோம், நாளைக் காலை உணவும் எங்கள் பொறுப்பு, 90 நிமிடம் எங்கள் விடுதியைச் சுற்றிப் பார்த்தால் போதும் என்கிறார். அழைத்து வருகிற ஒவ்வொரு தம்பதிக்கும் அவருக்குக் கூலி உண்டு. காலை உணவுக்குப் பின் விற்பனையாளர் ஒருவர் குடும்ப விவரமெல்லாம் அன்போடு விசாரித்து, கடந்த பத்து ஆண்டுகளில் விடுதி வாடகைக்கு எவ்வளவு செலவிட்டீர்கள் என்று ஒரு தாளில் எழுதிக் கூட்டிக் காட்டுகிறார். அலங்கரித்த மாதிரி வீட்டைப் பார்த்துத் திரும்பியதும் விலை சொல்லப்படுகிறது. வேண்டாம் என்றால், மேலாளர் என்று வேறொருவர் வந்து, அந்த விலையைப் பேனாவால் அடித்து, கீழே வேறொரு விலை எழுதி, இது இன்று ஒரு நாளைக்கு மட்டும் என்கிறார். அதற்கும் இசையாவிட்டால் மூன்றாமவர் வந்து, இரண்டாண்டுக்கு ஒருமுறை வரும் பாதி வாரம் ஒன்றை எடுத்துவைக்கிறார். 90 நிமிடம் நண்பகலைத் தாண்டிவிடுகிறது, குழந்தைகள் பசியால் அழுகின்றன, கையெழுத்து விழுகிறது. சீட்டின் விலை, சிற்றுண்டியின் விலை, மூன்று பேரின் தரகு, வாங்காமல் எழுந்துபோன மற்றத் தம்பதியருக்கான செலவு ஆகிய எல்லாம் கையெழுத்திட்டவர் கொடுக்கும் 24,000 டாலரில் சேர்ந்தவையே. அவர் வாங்கியதில் பாதி, தம்மை வாங்கச் செய்த முயற்சியின் கிரயம். அதனை மறுபடி எவருக்கும் விற்க இயலாது. விடுமுறை வாரத்தைத் தானாக நாடி வருகிற ஒருவர், வற்புறுத்துவதற்கு ஆன செலவை ஏன் கொடுக்கப்போகிறார்?

இது விலை பாதியாவதற்கு மட்டுமே காரணம். பூஜ்யத்துக்கும் கீழே போவதற்குக் காரணம் பராமரிப்புக் கட்டணம். ஒரு வாரத்தின் உண்மையான மதிப்பு, அதே வாரத்தை வாடகைக்கு எடுத்தால் ஆகும் தொகையிலிருந்து அவ்வாண்டின் கட்டணத்தைக் கழித்தால் மிஞ்சுவது என்ற எளிய கணக்கால் அறியத்தக்கது. கட்டணம் 1,000 டாலராக இருக்க, அதே விடுதியில் அதே வாரம் இணையத்தில் 800 டாலருக்கு வாடகைக்குக் கிடைக்குமானால், பத்திரம் வைத்திருப்பவருக்கு ஆண்டுதோறும் 200 டாலர் நஷ்டம் நிச்சயம். அந்த நஷ்டத்தை விலை கொடுத்து வாங்குவாரில்லை. ஆண்டுக்கு 5 சதவீதம் வீதம் கட்டணம் ஏறுமென வைத்துக்கொண்டால், இருபது ஆண்டில் கட்டிய மொத்தம் 33,000 டாலரைத் தாண்டும். இருபதாம் ஆண்டின் கட்டணம் மட்டும் 2,500 டாலருக்கு மேல். யானையைக் கட்டித் தீனி போடுவது என்பார்களே, அது இதுதான். யானைக்காவது ஆயுள் முடிவு உண்டு, காலவரம்பற்ற பத்திரத்துக்கு அதுவும் இல்லை.

கடன் வாங்கி வாங்கியவர் நிலை இன்னும் இக்கட்டானது. நிறுவனமே கடனும் கொடுக்கிறது. வட்டி 15 சதவீதத்தை ஒட்டியது. 24,000 டாலரில் பத்தில் ஒரு பங்கை முன்பணமாகக் கட்டி மீதியைப் பத்தாண்டுத் தவணையில் செலுத்தினால், மாதத் தவணை ஏறத்தாழ 348 டாலர். ஐந்தாண்டு தவறாமல் கட்டிய பிறகும் 14,600 டாலர் பாக்கி நிற்கும். சந்தையில் 1 டாலர் பெறும் பொருளின்மீது 14,600 டாலர் அடமானம் இருந்தால், அக்கடன் தீரும்வரை இனாமாகவும் கைமாற்ற முடியாது.

புள்ளி முறை வந்தபின் நிறுவனங்கள் மற்றொரு தந்திரத்தையும் கையாள்கின்றன. நேரடியாகத் தம்மிடம் வாங்கியவருக்கு ஒரு தரம், வெளிச்சந்தையில் வாங்கியவருக்கு ஒரு தரம் என்று உறுப்பினரைப் பிரித்து, சலுகைகளைப் பின்னவருக்கு மறுக்கின்றன. டிஸ்னி நிறுவனம் 2016 முதல் தன்னிடம் நேரே வாங்காதவர்களுக்குச் சில சலுகைகளை நிறுத்தியது; 2019 ஜனவரிக்குப் பின் வெளியில் வாங்கியவர்கள் ரிவியரா போன்ற புதிய விடுதிகளில் அப்புள்ளிகளைப் பயன்படுத்த இயலாதபடியும் செய்தது. எனினும் நியாயமாகச் சொல்வதானால், மறுவிற்பனையில் ஓரளவேனும் விலை பெறும் வெகுசில டைம்ஷேர்களுள் டிஸ்னியினுடையது தலையாயது. அதன் விடுதிகளில் தங்க அலைமோதுகிற கூட்டம் ஒரு காரணம். பிறர் விற்க வந்தால் அதே விலைக்குத் தானே எடுத்துக்கொள்ளும் முன்னுரிமையை நிறுவனம் வைத்துக்கொண்டு, அவ்வப்போது பிரயோகித்தும் வருவது இன்னொன்று. ஒப்பந்தங்களுக்கு முடிவுத் தேதி உண்டு என்பது மூன்றாவது. அந்நிறுவனம் ஆதியில் கட்டிய விடுதியின் ஒப்பந்தங்கள் பல 2042 ஜனவரி 31இல் முடிகின்றன. முடிவு உள்ள பொருளுக்கு விலை இருக்கிறது, முடிவற்றதற்கு இல்லை. சொத்து சாசுவதமாக இருந்தால் மதிப்பு அதிகம் என்று வழிவழியாக நம்பிவரும் நமக்கு இது தலைகீழாகத் தோன்றலாம். கடமை சாசுவதமாக இருக்கும் இடத்தில் கணக்கு தலைகீழாகத்தான் ஆகும்.

விற்க முடியாத பொருள் இலட்சக்கணக்கானோர் கையில் இருக்கும்போது, விற்றுத் தருகிறோம் என்ற நம்பிக்கையே ஒரு சரக்காகிவிடுகிறது. முதிய உரிமையாளருக்குத் தொலைபேசி வருகிறது. உங்கள் வாரத்துக்கு ஆள் தயாராக இருக்கிறார், பத்திரச் செலவுக்கும் விளம்பரத்துக்கும் சில நூறு டாலர் அனுப்பினால் போதும் என்கிறது எதிர்க்குரல். அனுப்பியபின் அக்குரல் ஓய்ந்துவிடுகிறது. இத்தகைய மறுவிற்பனை மோசடிகளையும் போலிப் பயணப் பரிசுகளையும் எதிர்த்து 191 நடவடிக்கைகள் எடுக்கப்பட்டதாக அமெரிக்கக் கூட்டரசின் வர்த்தக ஆணையம் 2013இல் அறிவித்தது. அதற்கு முந்திய ஆண்டே ஃபுளோரிடா தனிச் சட்டம் ஒன்று இயற்றி, வாங்குபவர் இருக்கிறார் என்று பொய் சொல்வதைத் தடைசெய்து, மறுவிற்பனை விளம்பர ஒப்பந்தத்தை 7 நாளுக்குள் ரத்துச் செய்யும் உரிமையையும் கொடுத்தது.

மெக்ஸிகோவில் இவ்வியாபாரம் வேறோர் உருவம் எடுத்தது. புவேர்த்தோ வயார்த்தா முதலிய கடற்கரைகளில் டைம்ஷேர் வைத்திருக்கும் அமெரிக்கர்களின் பட்டியல், ஹலிஸ்கோ மாநிலத்தைத் தளமாகக் கொண்ட போதைமருந்துக் கும்பலின் கைக்குப் போய்ச் சேர்ந்தது. கும்பலின் தொலைபேசி மையத்தார் முதலில் தரகராய்ப் பேசி வரி என்று பணம் கேட்கிறார்கள். அது போனபின் வழக்கறிஞராய்த் தோன்றி, இழந்ததை மீட்டுத் தருகிறோம் என்கிறார்கள். இறுதியில் இன்டர்போல் அதிகாரிகளாகவும் அமெரிக்க நிதித்துறை அதிகாரிகளாகவும் வேஷம் போட்டு, நீங்கள் அனுப்பிய பணம் கடத்தல்காரருக்குச் சென்றதாகத் தெரிகிறது, அபராதம் கட்டுங்கள் என்கிறார்கள். 2019 முதல் 2023 வரை இத்தகைய மெக்ஸிகோ மோசடிகளில் ஏறத்தாழ 6,000 அமெரிக்கர்கள் 30 கோடி டாலரை ஒட்டிய தொகையை இழந்ததாகப் புகார் செய்துள்ளனர். 2023இல் குவாதலஹாரா நகரை அடுத்த சபோபானில் இத்தகைய மையம் ஒன்றின் இளம் ஊழியர்கள் காணாமற்போய், அவர்களுடைய சிதைந்த உடல்கள் ஒரு பள்ளத்தாக்கில் கிடைத்தன. வேலையை விட்டு விலக முயன்றதே அவர்கள் செய்த குற்றமென அமெரிக்க அதிகாரிகள் கூறினர். காலைச் சிற்றுண்டியில் தொடங்கிய ஒரு வியாபாரத்தின் கடைசிப் படி இது.

விற்றுத் தருவதாகச் சொன்னால் எவரும் நம்புவதில்லை என்றானதும், ஒப்பந்தத்திலிருந்து விடுவித்துத் தருகிறோம் என்று வேறொரு வர்க்கத்தார் கிளம்பினார்கள். பல ஆயிரம் டாலர் முன்கூட்டியே வாங்கிக்கொண்டு, விடுதிக்கு ஒரு கடிதம் எழுதுவதோடு பலர் நின்றுவிட்டார்கள். அத்தகைய நிறுவனம் ஒன்றின்மீது வாஷிங்டன் மாநிலத்தின் தலைமை வழக்கறிஞர் 2020இல் வழக்குத் தொடுத்தார்; மிசூரியில் இயங்கிய மற்றொரு கூட்டத்தார் 9 கோடி டாலருக்கு மேல் கறந்துவிட்டனர் என்று 2022இல் வர்த்தக ஆணையமும் விஸ்கான்சின் மாநிலமும் சேர்ந்து குற்றஞ்சாட்டின. வேறு சிலர் உரிமையாளரிடம் கூலி வாங்கிக்கொண்டு, ஆஸ்தி ஏதுமில்லாத பெயரளவுக் கம்பெனி ஒன்றின் பெயருக்கு நூற்றுக்கணக்கான வாரங்களை மாற்றி எழுதி, பிறகு கட்டணமே கட்டாமல் விட்டுவிடுகிறார்கள். கைகழுவியவருக்கு நிம்மதி, அவர் கட்டாத பங்கு, அதே விடுதியில் ஒழுங்காகக் கட்டிவரும் மற்றவர் தலையில் அடுத்த ஆண்டுக் கட்டணமாக ஏறுகிறது. அந்த ஏற்றம் மேலும் சிலரை விற்கத் தூண்டுகிறது.

நேர்மையான வழிகள் இல்லாமலில்லை. அவை யாவும் ஆசைக்கு இடந்தராதவை. வாங்கிய சூடு ஆறுமுன் மனம் மாறினால், ஃபுளோரிடாவில் 10 நாளுக்குள்ளும் கலிஃபோர்னியாவில் 7 நாளுக்குள்ளும் எழுத்துமூலம் ரத்துச் செய்து முழுப் பணத்தையும் திரும்பப் பெறலாம். இந்த உரிமையை வேண்டாமென்று எழுதிக் கொடுத்தாலும் ஃபுளோரிடாச் சட்டப்படி அது செல்லாது. அந்த நாட்கள் கழிந்தவர், கடனும் பாக்கியும் தீர்ந்தவராயின், விடுதி நிறுவனத்திடமே திருப்பி ஒப்படைக்கக் கேட்கலாம். பெரிய நிறுவனங்கள் சில இதற்கென ஏற்பாடு வைத்திருக்கின்றன, ஆயினும் எல்லாரையும் ஏற்பதில்லை, பணமும் தருவதில்லை. கிறிஸ்துமஸ் வாரம், பனிச்சறுக்கு வாரம், ஹவாய்க் கடற்கரை வாரம் போன்றவற்றை வைத்திருப்பவர், உரிமம் பெற்ற தரகர் மூலம், விற்று முடிந்த பின்னரே தரகு என்ற நிபந்தனையோடு முயலலாம். விடுதியிலிருந்து பாக்கியில்லாச் சான்று பெற்று, முன்னுரிமையை நிறுவனம் கைவிட்டதற்கு எழுத்து பெற்று, நடுநிலையான பத்திர அலுவலகத்தில் பணத்தை ஒப்படைத்து, மாவட்டப் பதிவகத்தில் புதிய பத்திரம் ஏறியதைக் கண்ணால் பார்த்தபின்தான் விற்பனை முடிந்ததாகக் கொள்ள வேண்டும். அதுவரை கட்டண நோட்டீஸ் பழையவர் பெயருக்கே வரும். சாதாரண வாரம் வைத்திருப்பவர், அடுத்த ஆண்டுக் கட்டணத்தையும் பத்திரச் செலவையும் தாமே கட்டி இனாமாகக் கொடுப்பதே பெரும்பாலும் கைகூடுகிறது. நஷ்டத்தை வருமான வரியில் கழித்துக்கொள்ளலாமா என்றால், சொந்த உபயோகத்துக்கு வைத்திருந்த சொத்தின் நஷ்டத்தை அமெரிக்க வரிச்சட்டம் ஏற்பதில்லை. இறந்தவருடைய வாரத்தை வாரிசுகள் ஏற்க மறுக்கலாம் என்பதும், மறுப்பதானால் அதனைப் பயன்படுத்துவதற்கு முன்பே உரிய காலத்தில் எழுத்தில் மறுக்க வேண்டும் என்பதும் பலருக்குத் தெரிவதில்லை.

ஸ்பெயின் நாட்டார் இதன் மூலகாரணத்தைச் சரியாகப் பிடித்தார்கள் என்பது என் அபிப்பிராயம். 1998ஆம் ஆண்டின் 42ஆம் சட்டத்தால் டைம்ஷேருக்கு 50 ஆண்டு உச்சவரம்பு விதித்தார்கள். அதன்பின்னும் காலவரம்பின்றி எழுதிய ஒப்பந்தம் செல்லாதென அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2015 ஜனவரியில், கிரான் கனாரியா தீவின் விடுதி ஒன்றைப் பற்றிய வழக்கில் தீர்ப்பளித்தது. நம் நாட்டிலும், 1986இல் சென்னையில் தோன்றிக் கொடைக்கானலிலும் உதகையிலும் விடுதி நடத்திய ஸ்டெர்லிங்கும், 1996இல் தோன்றிய மஹிந்திராவும் விற்றுவந்தது பெரும்பாலும் குறித்த காலத்து உறுப்பினர் உரிமையே. 25 ஆண்டில் முடியும் ஒப்பந்தத்தில் ஆண்டுச் சந்தா உறுத்தினாலும், அது பேரப்பிள்ளை தலையில் போய் விழுவதில்லை. அமெரிக்க மாநிலங்கள் மோசடிக்காரரைத் துரத்துவதில் காட்டும் சுறுசுறுப்பில் ஒரு பங்கையேனும், காலவரம்பற்ற ஒப்பந்தத்தைத் தடுப்பதிலும், கடன் தீர்த்தவரிடமிருந்து நிறுவனமே வாரத்தைத் திரும்பப் பெறவேண்டுமென விதிப்பதிலும் காட்டினால், மோசடிக்கு இரையாகிறவர் தொகை தானே குறையும். பராமரிப்புக்கு ஆள் குறையுமே என்று நிறுவனங்கள் ஆட்சேபிக்கின்றன. தாமே கட்டிய விடுதியின் வாரத்தை இனாமாகப் பெறவும் அஞ்சுகிறவர்கள், அதே வாரத்தை மறுநாள் காலையில் 24,000 டாலருக்கு விற்பது எந்த நியாயத்தில் சேரும்?

அமெரிக்காவில் வாரம் ஒன்று வைத்திருந்து விற்க எண்ணும் வாசகர் எவரேனும் இருப்பாராயின், அவருக்குச் சொல்ல வேண்டியது இவ்வளவே: முதல் கடிதத்தை விடுதி நிறுவனத்துக்கே எழுதுங்கள், உங்கள் வாரம் உண்மையில் என்ன விலைக்குப் போகிறதென்பதை, விற்பனைக்கு வைத்த விலையைப் பாராமல், ஈபேயில் ஏலம் முடிந்த விலையைப் பார்த்து அறிந்துகொள்ளுங்கள், ஆள் தயாராக இருக்கிறார் என்று தொலைபேசியில் சொல்லி முன்பணம் கேட்கும் எவருக்கும், அவர் எந்த நாட்டு முத்திரையைக் காட்டினாலும், ஒரு டாலரும் அனுப்பாதீர்கள்.